குளுக்கோமீட்டர் வீட்டில் இருக்கிறது, எப்போது பார்ப்பது?

சர்க்கரையை வீட்டிலேயே பரிசோதிப்பது பற்றி வந்த வாசகர் கேள்விகளில் சில இந்த இதழில். ஒரே சந்தேகம் பல ஊர்களிலிருந்து வந்திருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். வேறு அலகு குறிப்பிடாத இடங்களில் சர்க்கரை அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

வயது 58. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500 மட்டும் சாப்பிடுகிறேன். மகன் மெஷின் வாங்கிக் கொடுத்ததிலிருந்து தினமும் எழுந்ததும் பார்க்கிறேன். 118, 139, 124, 142 என்று ஏறி இறங்குகிறது. 140ஐத் தாண்டினால் அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை. தினமும் பார்க்கத்தான் வேண்டுமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். முதலில் அந்த நான்கு எண்களையும் பார்ப்போம். குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரவிதியே கொஞ்சம் பிழையை அனுமதிக்கிறது. 100க்கு மேல் உள்ள அளவில் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். 100க்குக் கீழே 15 புள்ளி. நூறு முறை பார்த்தால் 95 முறை இந்த எல்லைக்குள் இருந்தால் போதும், மெஷின் தேறிவிடும். உங்கள் ரத்தத்தில் உண்மையான அளவு 130 என்றால், நல்ல மெஷினே 111 என்றும் சொல்லலாம், 149 என்றும் சொல்லலாம். நீங்கள் எழுதிய நான்கும் அதற்குள் அடங்கிவிட்டன. 142 வந்த நாளில் நீங்கள் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு சர்க்கரை திடீரென்று ஆபத்தாக இறங்கும் பயம் மிகக் குறைவு. காலையில் பார்த்து உடனே செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், இன்சுலின் போடாத 450 சர்க்கரை நோயாளிகளை ஓராண்டு கவனித்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் ஒரு முறை குத்திப் பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் ஆண்டு முடிவில் எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை, அதன் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எண்ணைப் பார்ப்பதால் சர்க்கரை குறைவதில்லை. பார்த்த பிறகு சாப்பாட்டையோ நடையையோ மாத்திரையையோ மாற்றினால்தான் குறையும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வெறும் வயிற்றில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். பெரும்பாலானவர்களுக்கு 80 முதல் 130 வரை இலக்கு. மிச்சப்படும் ஸ்ட்ரிப்பை இணைப் பரிசோதனைக்கு வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, சாப்பிடும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவை. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. எடுத்துக்காட்டாக, நான்கு இட்லி தேங்காய்ச் சட்னிக்கு முன்னால் 122, பின்னால் 214 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 92. மறுநாள் இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை சாப்பிட்டுப் பாருங்கள். அதற்கடுத்த நாள் பழைய சாப்பாட்டையே சாப்பிட்டுவிட்டுப் பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். ஏற்றம் 50க்குள், இரண்டு மணி நேர அளவு 180க்குள் நின்றால் அந்த முறை உங்களுக்கு ஒத்துவருகிறது. அடுத்த வாரம் மதியச் சோறு. ஒரு வாரத்துக்கு ஆறிலிருந்து எட்டு ஸ்ட்ரிப் ஆகும். இப்போது நீங்கள் செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மூன்று வேளையும் பார்த்து முடிந்ததும் மெஷினை எடுத்து வைத்துவிடலாம்.

மாத்திரை மாறினால் இரண்டு வாரம், காய்ச்சல் வந்தால் அது விடும்வரை மறுபடி அடிக்கடி பாருங்கள். எச்பிஏ1சி கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

அம்மாவுக்கு 67 வயது. கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்தில் ஓரிரு நாள் மதியம் பன்னிரண்டரை மணிவாக்கில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. சீனி கரைத்துக் கொடுத்தும் தெளிய வெகு நேரமாகிறது. எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்?
– வாசகி, விருதுநகர்

இந்த வார வேலைகளில் இதை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் டாக்டரிடம் பேச வேண்டும். நீங்கள் சொல்வது தாழ்சர்க்கரை, ஊரில் 'லோ சுகர்' என்போமே, அதுவாகவே இருக்க வேண்டும். அந்த மாத்திரையில் உள்ள கிளிமெபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு மாத்திரையும் இரண்டு இட்லியும், பிறகு ஒரு மணி வரை எதுவுமில்லை என்றால் பன்னிரண்டரைக்கு இறங்கத்தான் செய்யும். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

அறிகுறி வந்த நேரத்தில் உடனே குத்திப் பாருங்கள். அம்மாவுக்கு அதைவிட முக்கியமான பரிசோதனை வேறு இல்லை. அறிகுறி இல்லாத நாளிலும் ஒரு வாரத்துக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் லோ. 54க்குக் கீழே என்றால் அவசரம்.

இனி சீனி ஏன் தாமதமாக வேலை செய்தது என்பது. வோக்ளிபோஸ் என்ற மருந்தின் வேலையே சீனியையும் மாவுச்சத்தையும் குடலில் உடைய விடாமல் இழுத்தடிப்பதுதான். கரைத்துக் கொடுத்த சீனி குடலிலேயே காத்துக் கிடக்கிறது. வெல்லம், கருப்பட்டி, சாக்லேட், மிட்டாய் எல்லாவற்றுக்கும் இதே கதி. மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடர் நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும். மூன்று டீஸ்பூன் நிறைய, ஏறக்குறைய 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70ஐத் தாண்டவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. தாண்டியதும் சாப்பாடு. குளுக்கோஸ் கைவசம் இல்லாவிட்டால் தேன் கொடுக்கலாம். சமையலறையில் ஒரு டப்பா, அம்மாவின் கைப்பையில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். கிளிமெபிரைடு வகை மருந்தால் வரும் லோ, ஏறிய பிறகு சில மணி நேரத்தில் திரும்ப வரக்கூடியது, முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு. அன்றிரவு படுக்கும் முன் மட்டுமல்லாமல் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு முறை பாருங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இந்த எண்களோடு நேரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். 67 வயதில், அதுவும் வேறு நோய்கள் சேர்ந்திருந்தால், வெறும் வயிற்றில் 90 முதல் 150, எச்பிஏ1சி 8க்குள் என்று இலக்கைத் தளர்த்துவதும் உண்டு. மாத்திரையைக் குறைக்க அவருக்கு அந்தக் குறிப்பே ஆதாரம்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து லேபில் 168 வந்தது. வீட்டுக்கு வந்து மெஷினில் பார்த்தால் 205. எதை நம்புவது?
– வாசகர், சேலம்

இரண்டுமே சரியாக இருக்கலாம். லேபில் எடுப்பது முழங்கை நரம்பு ரத்தம். அது தசைகளுக்குச் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும் ரத்தம். விரலில் வருவது கொடுப்பதற்கு முன்னால் உள்ளது. வெறும் வயிற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தம் 20, 25 சதவீதம் வரைகூட அதிகமாகக் காட்டலாம். தவிர, வீடு வந்து சேர்வதற்குள் நேரமும் போயிருக்கும். குழாயில் எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் கிடந்தால், அதிலுள்ள அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும் என்பதும் உண்டு.

மெஷினைச் சோதிக்க வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் சோதியுங்கள். லேபுக்கு மெஷினை எடுத்துக்கொண்டு போய், அங்கே ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் கையைக் கழுவி விரலில் பாருங்கள். வித்தியாசம் 15 சதவீதத்துக்குள் இருந்தால் மெஷின் நல்ல மெஷின். ஆண்டுக்கு ஒரு முறை இப்படிப் பார்த்தால் போதும். ரத்தசோகை அதிகமாக இருந்தால் பல மெஷின்கள் கூட்டிக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெஷின் 7.8 என்று காட்டுகிறது. எச்பிஏ1சியும் போன மாதம் 7.8. இரண்டும் ஒன்றா?
– வாசகி, டொரன்டோ

இல்லை. கனடாவில் மெஷின் காட்டுவது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் இந்தியக் கணக்கு வரும், உங்கள் 7.8 என்பது 140. எச்பிஏ1சி 7.8 என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சதவீதம். அது ஏறக்குறைய 177க்குச் சமம். ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களோடு போனில் எண்களை ஒப்பிடும்போது இது குழப்பும்.

அரசு மருத்துவமனையில் 30/70 கலவை இன்சுலின் காலையும் இரவும் போடச் சொன்னார்கள். மாதத்துக்கு 50 ஸ்ட்ரிப்புக்கு மேல் வாங்க எனக்குக் கட்டுப்படியாகாது. எப்படிப் பிரித்துக்கொள்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

இன்சுலின் போடுபவர் ஸ்ட்ரிப்பில் மிச்சம் பிடிக்க இடம் குறைவு என்றாலும், 50ஐ வைத்து உருப்படியாகச் செய்ய முடியும். எந்த ஊசியை எந்த நேரத்து அளவு எடைபோடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இரவு ஊசி சரியா என்பதை மறுநாள் வெறும் வயிற்று அளவு சொல்லும். காலை ஊசி சரியா என்பதை இரவுச் சாப்பாட்டுக்கு முந்தைய அளவு சொல்லும். வெறும் வயிற்றில் 190 என்று பார்த்துவிட்டு அன்று காலை ஊசியைக் கூட்டுவது பலரும் செய்யும் தவறு. காலை ஊசியைக் கூட்டினால் மதியம் லோ வரும். மறுநாள் காலை 190 அப்படியே இருக்கும்.

அளவு நிலைப்படும் வரை, அதாவது முதல் இரண்டு வாரம், இந்த இரண்டு நேரமும் தினமும் பாருங்கள். 28 ஸ்ட்ரிப் ஆயிற்று. அதன் பிறகு ஒருநாள் காலை, மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் இன்னும் 16. மீதி ஆறை லோ அறிகுறிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒதுக்குங்கள். கலவை இன்சுலினில் நீண்ட நேரம் வேலை செய்யும் பகுதி, போட்ட 4 முதல் 10 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் அந்த உச்சம் தூக்கத்தில் வரும். காலையில் தலைவலி, நனைந்த சட்டை, கெட்ட கனவு இருந்தால் அன்றிரவே மூன்று மணிக்கு அலாரம் வையுங்கள். மூன்று மணிக்கு 65, காலையில் 180 என்றால் இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து. மூன்று மணிக்கே 170 என்றால் கதை வேறு.

எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வந்தால் ஸ்ட்ரிப்பைக் குறை சொல்லும் முன் ஊசியைப் பாருங்கள். 40 யூனிட் வயலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கலவை இன்சுலின் அடியில் படிந்திருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பால்போல ஒரே சீராக ஆன பிறகே எடுக்க வேண்டும். வயிற்றில் ஊசி போடும் இடத்தைத் தடவிப் பாருங்கள். தடிப்போ கட்டியோ தட்டுப்பட்டால் அங்கே போடும் மருந்து ஒருநாள் ஏறும், ஒருநாள் ஏறாது. இடத்தை மாற்றுங்கள்; மாற்றும்போது டாக்டரிடம் சொல்லுங்கள், நல்ல இடத்தில் அதே அளவு மருந்து அதிகமாக வேலை செய்யும்.

வண்டி ஓட்டுபவராக இருந்தால் கிளம்பும் முன் ஒரு ஸ்ட்ரிப் கட்டாயம். 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ரத்தமே சரியாக வருவதில்லை. இரண்டு மூன்று ஸ்ட்ரிப் வீணாகிறது. அடுத்தடுத்துப் பார்த்தால் 40, 50 வித்தியாசம் வருகிறது. நான் என்ன தவறு செய்கிறேன்?
– வாசகி, கோயம்புத்தூர். இதையே கேட்ட வேறு பலரும்

கையிலிருந்து தொடங்குவோம். சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரம் இருந்தால் துளி விரலில் பரவி ஓடிவிடும், ரத்தமும் நீர்த்துப்போகும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் 120 இருப்பவருக்கு 250கூடக் காட்டும். தோலில் ஒட்டியிருக்கும் சாறு அந்தச் சின்னத் துளிக்குப் போதும். பஞ்சில் ஸ்பிரிட் தடவித் துடைத்தால் சர்க்கரைப் பிசுக்கு முழுசாகப் போகும் என்று நம்ப முடியாது, தண்ணீர்தான் நல்லது. வெளியூரில் ஸ்பிரிட்தான் இருக்கிறது என்றால், அது முழுக்கக் காய்ந்த பிறகு குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை வையுங்கள்.

கையை அரை நிமிடம் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். விரல் நுனியின் நடுச்சதையில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். அங்கே வலி குறைவு. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று மாற்றிக்கொள்ளலாம். விரலில் குத்தும் பேனாவில் ஆழம் 2இல் தொடங்கி, துளி வராவிட்டால் ஒன்று கூட்டுங்கள். உள்ளங்கைப் பக்கமிருந்து நுனியை நோக்கி மெதுவாகத் தடவிக் கொண்டுவாருங்கள். நுனியைப் பிடித்துப் பிதுக்கினால் சதைநீர் கலந்து அளவு மாறும். துளியை ஸ்ட்ரிப்பின் மேல் அப்பக் கூடாது. ஓரத்தில் தொட்டால் அதுவே உறிஞ்சும். குறைவாக உறிஞ்சிய ஸ்ட்ரிப்பில் இன்னொரு துளி சேர்த்தால் பெரும்பாலும் எர்ரர்தான் வரும், சில சமயம் தவறான எண் வரும்.

லான்செட் ஊசி ஒரு முறைக்குத்தான். முனை வளைந்தால் வலியும் கூடும், காயமும் பெரிதாகும். பேனாவை வீட்டிலேயே இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். ஊசியை மாற்றினாலும் பேனாவின் நுனியில் ரத்தம் ஒட்டியிருக்கலாம். மஞ்சள்காமாலை பி அப்படிப் பரவும். தீர்ந்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து மூடி, மருத்துவமனையில் கொடுங்கள். குப்பைக் கூடையில் போட்டால் குத்துப்படுவது தூய்மைப் பணியாளரின் கை.

ஸ்ட்ரிப் விஷயத்தில்தான் அதிகம் ஏமாறுகிறோம். அதிலுள்ள நொதிக்கு ஈரமும் சூடும் ஆகாது. டப்பாவின் மூடியிலோ உள்சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஸ்ட்ரிப்பை எடுத்த உடனே மூடியை அழுத்தி மூடுங்கள், வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது நீர் கோத்துக்கொள்ளும். அடுப்புப் பக்கம், டிவி மேல், மே மாத வெயிலில் நிறுத்திய கார் எல்லாம் ஆகாது. பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிதான் உச்சவரம்பு. திறந்த தேதியை டப்பாவில் பேனாவால் எழுதுங்கள். பல கம்பெனிகளில் திறந்தபின் ஆயுள் மூன்றிலிருந்து ஆறு மாதம்தான், அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி திறக்காத டப்பாவுக்கு. வாரம் ஒரு முறை பார்ப்பவர் 50 உள்ள டப்பா வாங்குவது நஷ்டம்; 25 உள்ளதை வாங்குங்கள்.

ஏழு மாத கர்ப்பம். சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எத்தனை முறை பார்க்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

மற்றவர்களுக்கு நாங்கள் சொல்லும் 'குறைத்துப் பாருங்கள்' உங்களுக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்கு நான்கு முறை: வெறும் வயிற்றில், பிறகு மூன்று வேளையும் சாப்பிட்ட பின். வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குள் அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குள். ஒரு மணியா இரண்டு மணியா என்று டாக்டரிடம் கேட்டு ஒன்றையே கடைப்பிடியுங்கள். இலக்கைத் தாண்டுவது தொடர்ந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்; உங்களுக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம். பிரசவத்தோடு சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனாலும் 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை லேபில் செய்துகொள்ள வேண்டும். குழந்தையைப் பார்க்கும் அலைச்சலில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ரமலான் நோன்பில் குத்திப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடுமா?
– வாசகர், கீழக்கரை

முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பரவலான கருத்து. இன்சுலினோ கிளிமெபிரைடு வகையோ எடுப்பவர்கள் ஸஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) முன், காலை, நண்பகல், பிற்பகல், இஃப்தாருக்கு முன், இஃப்தாருக்கு இரண்டு மணி நேரம் கழித்து, மற்றும் உடம்புக்கு முடியாதபோதெல்லாம் பார்க்க வேண்டும். 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பைத் திறந்துவிடுங்கள். இஃப்தாருக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. மருந்தின் நேரத்தையும் அளவையும் ரமலான் தொடங்குவதற்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஸ்துமாவுக்குக் காலையில் பிரட்னிசலோன் கொடுத்திருக்கிறார்கள். வெறும் வயிற்றில் 112தான். பயமில்லையே?
– வாசகர், ஈரோடு

தவறான நேரத்தில் பார்க்கிறீர்கள். காலையில் விழுங்கும் ஸ்டீராய்டு மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரையை ஏற்றி, விடிவதற்குள் அடங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். 250க்கு மேல் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காய்ச்சல், வாந்தி வந்தால்?
– வாசகி, திருநெல்வேலி

சாப்பிட முடியவில்லை என்று இன்சுலினை அடியோடு நிறுத்துவது பெரிய தவறு. காய்ச்சல் தானாகவே சர்க்கரையை ஏற்றும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் வாந்தியோ பட்டினியோ இருக்கும் நாட்களில் அந்த மாத்திரையை நிறுத்திவைத்து உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்தில் ரத்தம் அமிலமாகும் கீட்டோன் ஆபத்து உண்டு, அப்போது மெஷின் 180, 200 என்றுதான் காட்டும். எண் சாதாரணமாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மேல்மூச்சு வாங்குதல் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் எப்போது பார்த்தாலும் 180, 200. ஆனால் எச்பிஏ1சி 6.2 என்று வருகிறது. டாக்டரும் 'நல்லா இருக்கு' என்கிறார். குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், தர்மபுரி

எச்பிஏ1சி 6.2 என்றால் சராசரி 131 போல இருக்க வேண்டும். உங்கள் மெஷின் சொல்வதோடு அது ஒட்டவில்லை. மேலே சொன்னபடி கையைக் கழுவி, புது டப்பா ஸ்ட்ரிப்பில், லேபோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெஷின் சரி என்றால் சந்தேகம் எச்பிஏ1சி பக்கம் திரும்ப வேண்டும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் ரத்தசோகை, அண்மையில் ரத்தம் இழந்தது அல்லது ஏற்றிக்கொண்டது, தலசீமியா போன்ற ஹீமோகுளோபின் கோளாறுகள், டயாலிசிஸ் இவையெல்லாம் அதைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடியவை. இரும்புச்சத்துக் குறைவோ நேர்மாறாக, பொய்யாக ஏற்றிக் காட்டும்.

மூன்று நாள், நாளுக்கு ஏழு முறை பாருங்கள்: மூன்று வேளையும் சாப்பிடும் முன், இரண்டு மணி நேரம் கழித்து, பிறகு படுக்கும் முன். 21 ஸ்ட்ரிப் ஆகும். அல்லது கையில் ஒட்டும் 14 நாள் சென்சார் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். அது தோலுக்கடியில் உள்ள நீரில் அளப்பதால், ரத்தத்தைவிட 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே காட்டும். அந்த எண்களையும் ஹீமோகுளோபின் அளவையும் எடுத்துக்கொண்டு போய், எச்பிஏ1சிக்குப் பதிலாக ஃப்ரக்டோசமைன் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும் அந்தப் பரிசோதனைக்குச் சிவப்பணுவோடு சம்பந்தமில்லை.